கருவாட்டுக் கடைக்கு ஒரு சைவப் பூனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதிலும் பாதி வருஷம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். ஆகையால் நாலரை என்பதுதான் நியாயம். எழுத்து வரிசையாக உட்காராது. ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று என்னையே கேட்டுக்கொள்கிற வயசு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கதையை நான்தான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சேர்த்துச் சேர்த்து, போன தீபாவளிக்கு என் மருமகள் செல்வி சொன்னபோது, நான் பூனையைத் தூக்கிக்கொண்டு கடலில் குதித்தேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. நான் கடலில் குதிக்கவில்லை. நான் செய்தது அதைவிட மோசம்.

நான் கூச்சக்காரி. புது ஆள் யாராவது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், பதில் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். தலை மட்டும் ஆமாம் என்று ஆடும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "பால் கறப்பியா?" என்று கேட்டார்கள். தலையாட்டினேன். கல்யாணம் ஆன மூன்றாம் நாள் அந்த வீட்டு மாடு என்னை எட்டி உதைத்ததில் எல்லாருக்கும் உண்மை தெரிந்துபோனது. அதற்கப்புறமாவது திருந்தினேனா? இல்லை.

நாங்கள் இருப்பது கடலூர் முதுநகர். எங்கள் வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை. கடை சின்னது, அதனால் சரக்கெல்லாம் வீட்டுக் கூடத்தில்தான் அடுக்கியிருக்கும். நெத்திலி, வாளை, காரப்பொடி, சுறா என்று சுவரோரம் மூட்டை மூட்டையாக. புதுசாக வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என் மகன் லாரி ஓட்டுகிறான், போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். இந்தக் கதை நடந்த நாட்களில் அவன் ஊரில் இல்லை. தப்பித்தான்.

நடந்தது சுனாமிக்குப் பிறகு, தானே புயலுக்கு முன்பு. நடுவில் எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். செல்வி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, அது மட்டும் நிச்சயம்.

எங்களிடம் துரை என்று ஒரு பூனை இருந்தான். (பூனையை "இருந்தது" என்றுதான் எழுத வேண்டுமாம். துரையை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.) சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவிலேயே பதினோரு வருஷம் வளர்ந்தும் ஒரு நாளும் மூட்டையில் வாய் வைத்ததில்லை. நான் எடுத்து வைத்தால் தின்பான். வைக்காவிட்டால் என் முகத்தைப் பார்ப்பான். கடலூர் ஜில்லாவிலேயே இப்படி ஒரு யோக்கியமான பூனை கிடையாது. எலி எங்கள் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்காது.

எலி பிடித்தது எனக்குப் பெரிசில்லை. மனுஷர்களிடம் தலையாட்டுகிற நான், அவனிடம் வாய் ஓயாமல் பேசுவேன். காலையில் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் ஆரம்பிக்கும். செல்வி குழம்பில் உப்பை அள்ளிப் போட்டது, எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தது, எனக்கு முழங்கால் வலிப்பது, எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். இதுவரைக்கும் ஒரு வார்த்தை வெளியே போனதில்லை.

ஐப்பசியில் ஒரு வாரம் அடைமழை கொட்டி ஓய்ந்த அன்று காலையில், மூட்டை மேல் படுத்திருந்தவன் எழுந்திருக்கவில்லை. நோயெல்லாம் இல்லை, வயசுதான். எங்கள் வீட்டுக்காரர் அவனைச் "சனியனே" என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அவரே கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி வெட்டினார். தன் துண்டில் சுற்றி வைத்தார். கடை திறக்கப் போகவில்லை. ஏன் என்று செல்வி கேட்டதற்கு, "மழை" என்றார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு நின்றுபோனது. வேண்டுமென்று நிறுத்தவில்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒரு நாள் கல் பொறுக்கிக்கொண்டே பழக்க தோஷத்தில் பேசிவிட்டு நிமிர்ந்தால், எதிரே நெத்திலி மூட்டை. பின்னால் செல்வி நிற்கிறாள்.

"அத்தே, யார்கூட பேசறீங்க?"

தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் அவள் மாமனாரிடம் சொன்னாள். "மாமா, அத்தை பத்து நாளா மொத்தமே நாலு வார்த்தைதான் பேசிருக்குது. அதுவும் மூட்டைகிட்ட. எனக்குப் பயமா இருக்குது. ஒரு பூனைய கொண்டாந்துடுங்க."

அவருக்கும் பூனை வேண்டியிருந்தது. துரை போன செய்தி எலிகளுக்கு எப்படித்தான் போனதோ, அடுத்த வாரமே குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருந்தன. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"கண்ட பூனையும் வேணாம். தொறைமுகத்துப் பூனையெல்லாம் திருட்டுப் பூனை. பொறக்கும்போதே மீன் ருசியோட பொறக்குது. கவிச்சின்னா இன்னான்னே தெரியாத பூனையா பாக்கணும். சைவ வீட்டுப் பூனை. தயிர் சோறு தின்னு வளந்தது கருவாட்ட மோந்துகூட பாக்காது. எலிய மட்டும் புடிக்கும்."

எங்களுக்கு அது பெரிய மூளையாகப் பட்டது. எலி எந்த விதத்தில் சைவம் என்று மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சிதம்பரத்தில் என் நாத்தனார் ராசாத்தி இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டதும், தன் தெருவில் இருக்கிற ஒரு டீச்சரம்மா வீட்டில் மூன்று மாசக் குட்டி ஒன்று இருப்பதாகவும், அந்த வீட்டில் பூண்டுகூட உரிக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். எங்கள் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். கார்த்திகை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மூடி போட்ட வயர் கூடையை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். அவரும் வருவதாகத்தான் இருந்தது. அவரிடம் அடிக்கிற வாசனையை நினைத்து ராசாத்திதான் வேண்டாம் என்றாள். என்னிடம் அடிப்பதை நினைக்க மறந்துவிட்டாள். நான் இருக்கிறதிலேயே நல்ல சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அது இருந்த டிரங்குப் பெட்டிதான் சுறா மூட்டைக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

சிதம்பரம் வரைக்கும் போய்விட்டு நடராசரைப் பார்க்காமல் வரலாமா? முதலில் கோயில். நெற்றி நிறைய விபூதி. அப்புறம் டீச்சரம்மா வீடு.

அவர் ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம்தான் இருக்கும். என்னைவிட இரண்டு மூன்று வயசாவது சின்னவர். ஆனாலும் "டீச்சர்" என்று காதில் விழுந்ததுமே எனக்கு முழங்கால் தானாக நேரானது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வீடு முழுக்கச் சாம்பிராணி மணம். மாசாமாசம் பூசத்துக்கு வடலூர் வள்ளலார் சபைக்குப் போய் வருகிறவராம். தரையில் ஒரு அரிசி விழுந்தால்கூட எறும்புக்கு என்று விட்டுவைக்கிறவராம். ராசாத்தி இதையெல்லாம் என் காதில் சொன்னது அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது.

குட்டி உள்ளேயிருந்து வந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, பஞ்சு மாதிரி. பேர் ஜோதி. வந்தது, நேரே என் காலடிக்கு வந்து சேலைக் கொசுவத்தில் மூக்கை நுழைத்தது. நுழைத்தது நுழைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டது.

டீச்சரம்மாவுக்கு ஆச்சரியம். "யார்கிட்டயும் ஒட்டாதுங்க இது. உங்களைக் கண்டதும் எப்படி உருகுது பாருங்க! பூனைக்கு நல்ல மனசு தெரியும்."

ராசாத்தி கூரையைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு விஷயம்மா," என்றார் டீச்சர். "கவிச்சி சாப்பிடற வீட்டுக்கு இதை நான் குடுக்கறதில்லை. ரெண்டு பேரு வந்து கேட்டாங்க, அனுப்பிட்டேன். உங்க வீடு சைவந்தானே?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி என்ன செய்வாள்? "இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் காலிக் கூடையோடு பஸ் ஏறுவாள். குட்டி அப்போது என் பாதத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. சூடாக இருந்தது. நான் தலையாட்டினேன்.

"நெத்தியைப் பாத்தாலே தெரியுது," என்றார் டீச்சர். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"கடை வச்சிருக்காரு டீச்சர்," என்று ராசாத்தி முந்திக்கொண்டாள்.

"என்ன கடை?"

ராசாத்தி என்னைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். தலையாட்டிச் சமாளிக்க முடியாத கேள்வி அது. அறுபது வருஷமாகத் தொண்டையிலேயே நின்று திரும்பிப் போய்க்கொண்டிருந்த பேச்சு, அன்றைக்குப் பார்த்து வெளியே வந்தது.

"பூசை சாமான் கடைங்க," என்றேன். "சூடம், சாம்பிராணி, நாட்டு மருந்து."

நாட்டு மருந்தை ஏன் சேர்த்தேன் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை.

டீச்சர் முகம் மலர்ந்துபோனது. விளக்கு முன்னால் என்னைக் கூட்டிப்போய், "இதுக்கு எந்தக் காலத்துலயும் கவிச்சி குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டு எடுத்துக்குங்க," என்றார். சொன்னேன். பிறகு குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலுக்கு வருவேன். அப்படியே உங்க வீட்டுக்கும் வந்து பாக்கறேன். கவிச்சி குடுத்தீங்கன்னு தெரிஞ்சா, கையோட எடுத்துட்டு வந்துடுவேன், ஆமா," என்றார்.

தெருவுக்கு வந்ததும் ராசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, வாயே தொறக்காத ஆளு, தொறந்தா இப்படியா? எங்கண்ணன் சூடம் விக்கறாரா? மூக்கு இல்லாதவன்கூட நம்ப மாட்டானே!"

"கவிச்சிக்காரங்களுக்குக் குடுக்க மாட்டாங்கன்னு நீ ஏம்மா சொல்லல?"

"பூனைக்கு இன்டர்வியூ வைப்பாங்கன்னு நான் கண்டனா?"

கடலூர் வரும் வரைக்கும் கூடைக்குள் சத்தமே இல்லை. என் முந்தானை நுனியை உள்ளே விட்டிருந்தேன். அதை மோந்துகொண்டே வந்தது.

வீட்டுக்குள் இறக்கிவிட்டதும் ஜோதி கூடத்தின் நடுவில் நின்றது. மூக்கு துடித்தது. பெரிய கோயிலுக்குள் முதல் தரம் நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்களே, அப்படி மூட்டைகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தது. செல்வி தயிர் சோறு வைத்தாள். சாப்பிட்டது. "பாத்தீங்களா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அந்த ஒரு ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் ஜோதி நெத்திலி மூட்டைக்குள் இருந்தது. மேலே ஏறி இல்லை, உள்ளே. வால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த வாலை உரசிக்கொண்டு ஒரு எலி அவசரமில்லாமல் நடந்து போனது. ஜோதி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எலி விஷயத்தில் டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த ஜீவகாருண்யத்தை அது கடைசிவரை விடவில்லை. நெத்திலி விஷயத்தில்தான் அதற்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை.

"தலைகீழா ஆயிப்போச்சே!" என்று எங்கள் வீட்டுக்காரர் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வா."

"மாட்டேன்," என்றேன்.

கல்யாணம் ஆகி நான் அவரிடம் சொன்ன முதல் "மாட்டேன்" அது. அவர் திரும்பி, செல்விதான் பேசினாளா என்று பார்த்தார்.

விளக்கு முன்னால் சொன்ன வார்த்தை உறுத்தாமல் இல்லை. நான் கையால் கொடுக்கவில்லை, அதுவே எடுத்துக்கொண்டது என்று சாமியிடம் வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். சாமி கேட்டாரோ இல்லையோ, எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் காலையில் நான் கல் பொறுக்க உட்கார்ந்தால் ஜோதி மடியில் வந்து படுக்கும். எனக்குப் பேச்சு வந்துவிட்டது. துரை மாதிரிப் பொறுமை கிடையாது இதற்கு. பாதியில் எழுந்து போய்விடும். ஆரம்பித்ததை நிறுத்த முடியாமல் மீதியைச் செல்வியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. (அவளைப் பற்றிய பேச்சாக இருந்தால் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன்.)

இப்படியே மாசி வந்துவிட்டது. மகத்துக்கு முதல் நாள் ராசாத்தி போன் போட்டாள்.

"அண்ணி, டீச்சர் நாளைக்கி வராங்க. நானும் கூட வரேன்."

"நீ எதுக்கும்மா?"

"எங்கண்ணன் சூடம் விக்கறத பாக்க வேணாமா?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த வேலை, என் மகன் கல்யாணத்துக்குக்கூட நடக்கவில்லை. பொறுப்பைச் செல்வி எடுத்துக்கொண்டாள். மூட்டைகள் பன்னிரண்டையும் மொட்டை மாடிக்கு ஏற்றினோம். தார்ப்பாய் போட்டு மூடினோம். கூடத்தை மூன்று தரம் கழுவினோம். பினாயில் ஊற்றினோம். அதற்கு மேல் சாம்பிராணி போட்டோம். புகையில் எங்கள் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். மறுநாள் காலையில் அவர் நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி பூசி, அலமாரியில் சூடப் பாக்கெட்டுகளை அடுக்கி, அதற்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தோம். ஜோதிக்கு வெறும் பால் சோறுதான். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நாங்கள் யோசிக்காதது மாசி வெயிலை. தார்ப்பாய்க்கு அடியில் பன்னிரண்டு மூட்டையும் வெந்து, டீச்சரம்மாவும் ராசாத்தியும் ஆட்டோவில் வந்து இறங்கும்போது எங்கள் வீட்டுக்கு மேலே முதுநகர் காக்காயெல்லாம் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். "என்னம்மா இது, இவ்வளவு காக்கா?"

செல்வி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மாமா தெனம் முன்னோருக்குன்னு காக்காய்க்குச் சோறு வைப்பாருங்க. வைக்காம அவுரு சாப்புட மாட்டாரு."

"அடடா!" என்று டீச்சர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். காக்காயைக் கண்டால் கல்லெடுக்கிற மனுஷன், கண்ணை மூடித் திருப்பிக் கும்பிட்டார்.

டீச்சர் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். "என்னமோ ஒரு வாசனை..."

"நாட்டு மருந்துங்க," என்றாள் ராசாத்தி.

ஜோதி வந்தது. டீச்சர் குரல் தழுதழுத்துப்போனது. "என் கண்ணு, எப்படி வளந்துட்ட!" என்று சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து, தயிர் சோற்றை ஒரு இலைத் துண்டில் பிசைந்து வைத்தார். ஜோதி மோந்து பார்த்தது. பிறகு முன்னங்காலால் தரையை இப்படியும் அப்படியும் பறண்டியது. பூனை எதை மூடும்போது அப்படிப் பறண்டும் என்று பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும். மூடி முடித்த திருப்தியில் எழுந்து, கொல்லைப் பக்கம் போய்விட்டது.

டீச்சர் முகம் வாடியது. "வெயில்லங்களா, பசி இருக்காது," என்று செல்வி சமாளித்தாள்.

அப்போதுதான் கொல்லைப்பக்கத்து மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. தொப். சர்ர்ர். தொப். சர்ர்ர். நான்கு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். என்ன வருகிறது என்று தெரியாதவர் அந்த வீட்டில் டீச்சர் ஒருவர்தான்.

ஜோதி கொல்லை வாசல் வழியாக உள்ளே வந்தது. வாயில் ஒரு வாளைக் கருவாடு. வாளை என்றால் பார்த்திருப்பீர்கள், இடுப்பு பெல்ட் மாதிரி நீளம், வெள்ளியாக மின்னும். பூனையைவிட மூன்று மடங்கு நீளம். அதைக் கால்களுக்கு நடுவில் இழுத்துக்கொண்டு, கழுத்து நிமிர்ந்து, கூடம் முழுக்க நடந்து வந்து, டீச்சரம்மாவின் காலடியில் வைத்தது. வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. நீ கொண்டுவந்ததற்கு நானும் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், சாப்பிடு என்கிற மாதிரி.

டீச்சர் காலை இழுத்துக்கொண்டார்.

"இது என்ன?" என்றார் டீச்சர்.

எங்கள் வீட்டுக்காரர் சூடப் பாக்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து எழுந்தார். "பூசை சாமான்ங்க."

"இதுவா?"

"எங்க கொலசாமிக்குப் படையல்ல வைப்போம்ங்க."

ராசாத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

டீச்சர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

நான் சுவரோரம் நின்றிருந்தேன். கை தானாகக் கட்டிக்கொண்டது. தலையாட்டலாம் என்றால், இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் ஆட்டுவது? ஜோதியைப் பார்த்தேன். இது போய்விட்டால் நாளைக் காலையில் எதிரே மறுபடியும் மூட்டைதான் என்று நினைத்ததும், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கொட்டிவிட்டேன்.

"கருவாடுங்க டீச்சர். வாளை. மாடியில பன்னெண்டு மூட்டை இருக்குது. காக்கா அதுக்குத்தான் வந்துது, முன்னோரெல்லாம் இல்ல. இவுரு கருவாட்டுக் கடைதான் வச்சிருக்காரு. நாங்க தெனம் கவிச்சி திங்கறவங்க. உங்க பூனை கருவாட்டத் தொடாது, எலிய மட்டும் புடிக்கும்னு நெனச்சித்தான் கேட்டு வந்தோம். அது எலியத் தொடல, கருவாட்டத்தான் தொடுது. சைவமான்னு கேட்டீங்க. இல்லன்னா குடுக்க மாட்டீங்கன்னு தலையாட்டிட்டேன். எனக்கு ஒரு பூனை இருந்தான் டீச்சர். அவன் செத்ததுலேர்ந்து எனக்குப் பேச்சே வர்ல. இது வந்தப்புறந்தான் வருது. இத எடுத்துக்கிட்டுப் போனீங்கன்னா நான் நெத்திலி மூட்டைகூடத்தான் பேசணும்."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. எங்கள் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அன்றைக்குச் சொன்னது அவருக்கு இப்போதுதான் உறைத்தது போல.

டீச்சர் செல்வி பக்கம் திரும்பினார். "கூடையை எடுத்துட்டு வாங்க," என்றார்.

செல்வி மெதுவாக, ரொம்ப மெதுவாக, வயர் கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் மூடியைத் திறந்தார். "ஜோதி, வா."

ஜோதி கூடையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. எழுந்து போய்க் கூடைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

இவ்வளவு நாள் மடியில் படுத்தது, ஒரு வார்த்தைக்குக் கிளம்பிவிட்டதே! செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உட்கார்ந்த ஜோதி மறுபடி எழுந்தது. கூடையை விட்டு வெளியே வந்தது. வாளையைத் தலைப்பக்கம் கவ்வி, இழுத்து, தானும் ஏறி அதையும் ஏற்றியது. பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கிற்று. அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. இப்போது புறப்படலாம் என்கிற முகம்.

டீச்சர் வாளையை எடுக்கக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு மறுபடி நீட்டினார். ஜோதி உறுமியது. அந்தக் குரலை அதுவரைக்கும் நாங்களும் கேட்டதில்லை.

டீச்சர் கையை இழுத்துக்கொண்டார். கூடையைப் பார்த்தார். வாயின் ஓரம் லேசாகத் துடித்தது. அழுகையா என்று பயந்தேன்.

"இந்தக் கூடையை நான் எந்த பஸ்ல ஏத்தறது?" என்றார். பிறகு, "இனிமே இது என் வீட்டுப் புள்ளை இல்லம்மா. உங்க வீட்டுப் புள்ளை. வெச்சுக்குங்க," என்றார்.

நான் காலில் விழப் போனேன். சட்டென்று டீச்சராக மாறிவிட்டார்.

"நில்லுங்க. விளக்கு முன்னாடி பொய் சொன்னதுக்கு தண்டனை உண்டு. எத்தனாவது படிச்சீங்க?"

"அஞ்சு."

"'இனி நான் பொய் சொல்ல மாட்டேன்.' நூறு தடவை எழுதி ராசாத்திகிட்ட குடுத்தனுப்புங்க."

எங்கள் வீட்டுக்காரர் நைசாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

"நீங்க எங்க போறீங்க? உங்களுக்கு அம்பது. கொலசாமியை இழுத்ததுக்கு இன்னும் அம்பது. காக்காவைப் பத்திச் சொன்ன பொண்ணு யாரு? நீயும் எழுதும்மா."

ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். போகும்போது டப்பாவைச் செல்வி கையில் கொடுத்து, "இதை யாராவது மனுஷங்க சாப்பிடுங்க," என்றார்.

எழுதினேன். பேனா பிடித்து நாற்பது ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாளைக்குப் பத்து வரிக்கு மேல் விரல் ஒத்துழைக்கவில்லை. செல்வி ஒரே மதியத்தில் முடித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து எழுதியதால், அவர் தாள் முழுக்கக் கருவாட்டு எண்ணெய்க் கறை. ராசாத்தி கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து என் தாள் மட்டும் சிவப்பு மையில் திருத்தி வந்தது. அடியில், "எழுத்து பரவாயில்லை. ஜோதி எப்படி இருக்கிறாள்?" என்று எழுதியிருந்தது. கேட்டால் பதில் எழுதாமல் இருக்க முடியுமா? அப்படிப் பிடித்த பேனாவைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாசி மகத்துக்கும் டீச்சர் வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஜோதியைக் கூப்பிட்டுக் கொஞ்சிவிட்டுப் போனார். ஜோதி கடைசிவரை ஒரு எலியைக்கூடப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் எலிப்பொறி வாங்கினார். பொறியில் எலி விழுந்தால் ஜோதி அதற்குத் துணையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் இப்போது கருவாட்டை யாரும் கருவாடு என்பதில்லை. "அத்தே, இன்னிக்கி பூசை சாமான் கொழம்பா?" என்றுதான் செல்வி கேட்பாள். என் மகன் லாரியிலிருந்து போன் போட்டு, "பூசை சாமான் வறுத்து வைம்மா, வந்துக்கினே இருக்கேன்," என்பான். பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் தாத்தா என்ன கடை வைத்திருக்கிறார் என்று கேட்டதற்கும் அப்படியே சொல்லிவைத்து, அந்த டீச்சர் வெள்ளிக்கிழமை சூடம் கேட்டு அனுப்பிவிட்டார்.

நடந்தது இதுதான். சில விஷயம் எனக்குச் சரியாக நினைவில்லை. மூட்டை பன்னிரண்டா, பதினொன்றா? அன்றைக்கு டீச்சரம்மா வந்தது காலை பத்து மணியா, பதினொன்றா? செல்வி அந்தக் கருவாட்டைச் சுறா என்கிறாள். சுறாவாக இருந்தால் பூனையால் படியில் இழுத்திருக்க முடியாது, ஆனாலும் அவள் பிடிவாதமாக இருக்கிறாள். ராசாத்தி இதைப் படித்தால், டீச்சரம்மாவிடம் ஒரு தரம் கொண்டுபோய்க் காட்டிச் சரிபார்த்துக் கொடுக்கட்டும். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தட்டும், தாராளமாக. நூறு தடவை மட்டும் எழுதச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லவும்.